மார்ச் மாதத்து நாற்று

பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகங்கள் சூடுபிடிக்கும் வாரத்தில் எங்களுக்கு ஃபோன் வர ஆரம்பிக்கும். "மேடம், சி.எஸ்.ஆர்.ல கொஞ்சம் மிச்சம் இருக்கு. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள முடிச்சுக் கொடுக்கற மாதிரி ஸ்கூல் கார்டன் ஏதாவது பண்ண முடியுமா?" சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளில் பிள்ளைகளுக்குத் தோட்டம் போட்டுத் தரும் எங்களைப் போன்ற சின்ன அறக்கட்டளைகளுக்கு அறுவடைக் காலம் அதுதான். செடியில் காய் இருக்கிறதோ இல்லையோ, ஜனவரி முதல் மார்ச் வரை பணம் காய்க்கும்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு, அதாவது சி.எஸ்.ஆருக்கு, செலவழிக்க வேண்டும். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, செலவழிக்காவிட்டால் ஏன் என்று ஆண்டறிக்கையில் காரணம் எழுதினால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரியில் அந்தச் சலுகை போயிற்று. செலவாகாமல் நின்ற பணத்தை, சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சொல்லியிருக்கும் அரசு நிதி ஒன்றில் கட்டியாக வேண்டும். கம்பெனிப் பெயர் போட முடியாத இடத்துக்குப் பணம் போவதை எந்த நிர்வாகமும் விரும்பாது. அதனால் வருடக் கடைசியில் வேகமாக முடிகிற, படத்தில் நன்றாக விழுகிற திட்டங்களைத் தேடுவார்கள். குழந்தை, சத்துணவு, பசுமை மூன்றும் ஒரே ஃபோட்டோவில் வருவது பள்ளித் தோட்டத்தில்தான்.

செடிக்கு நிதியாண்டு தெரியாது. சென்னைக்கு ஆடிப்பட்டம் ஒன்று, தைப்பட்டம் ஒன்று. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மார்ச்சில் நட்ட கத்தரி நாற்று வேர்பிடித்து நிமிரும்போது ஏப்ரல் வந்துவிடும். பிள்ளைகளுக்குத் தேர்வு, அதன்பின் ஜூன் வரை பள்ளிக்கூடம் பூட்டு. மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்கும். அந்த வெயிலில் பதினைந்து அங்குலச் செடிப் பை ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் வேண்டும். 200 பை என்றால் 400 லிட்டர். பூட்டிய பள்ளியில் அதை யார் ஊற்றுவது என்கிற கேள்விதான் இந்தத் தொழில் முழுவதும். மற்றதெல்லாம் காகித வேலை.

நான் வேலை பார்க்கும் இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000-லிருந்து கண்ணகி நகரில் குடியேற்றம். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்தின் எட்டடுக்கு வீடுகளுக்குப் பெருங்கூட்டம். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் அந்த வாரியத்துடையது; பள்ளி வளாகம் கல்வித் துறையுடையது; தண்ணீர் இன்னொருவருடையது. ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றுவதற்கு முன் மூன்று மேஜைகளில் கடிதம் கொடுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் கையில் இருந்தால் பாதி வேலை குறையும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன். கம்பெனிக்காரர்களும் அந்தத் தீர்மான நகலைப் பார்த்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் குடியிருப்புகளெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரங்களில் எழுந்தவை. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து இன்று பெருமை பேசப்படும் அதே சதுப்புநிலம்தான். மண்வெட்டியைப் போட்டால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வரும். அதற்குக் கீழே களி. சில இடங்களில் போர்வெல் தண்ணீரில் உப்பளவு காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் 2,000-க்கு மேல் காட்டும். அந்தத் தண்ணீரில் பீன்ஸ் முதலில் கருகும், அடுத்து முள்ளங்கி. எனவே நாங்கள் தரையை விட்டுவிட்டுப் பைக்குப் போனோம். தென்னை நார்க் கட்டியைத் தொட்டியில் ஊறவைத்து, உப்புப் போக இரண்டு முறை அலசி, செம்மண்ணும் மண்புழு உரமும் சம அளவு கலந்து, வேர் நோய் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கை தூவி நிரப்புவோம். செங்கல் மாதிரி கல்லாக இருக்கும் கட்டி தண்ணீரில் உப்பிப் பொங்கிப் பூத்து வாளியை விட்டு வழிவதைப் பிள்ளைகள் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காமல் கத்துவார்கள். ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அந்தக் கத்தலுக்கு வேலை இல்லை.

தோட்டக்கலைத் துறை தரும் மாடித்தோட்டத் தளையிலும் ஏறக்குறைய இதே சரக்குதான்: பைகள், நார்க் கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேப்பெண்ணெய் மருந்து. நல்ல திட்டம். வீட்டு மாடியில் வைத்துக்கொள்ளும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பெரும்பாக்கத்தில் மொட்டை மாடிக்குப் போகும் கதவில் பூட்டுத் தொங்கும்.

இனி பட்ஜெட். மூன்று லட்ச ரூபாய்க்கு ஒரு கேட்பு எழுதுகிறேன் என்று வையுங்கள். பை, மண் கலவை, நிழல் வலை, 500 லிட்டர் தொட்டி இரண்டு, சொட்டுநீர்க் குழாய், கருவிகள், விதை, பயிற்சி வகுப்பு. இதில் எதையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. பில் இருக்கும், படம் எடுக்கலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம். அடுத்த வரியில் "தோட்டப் பொறுப்பாளர், மாதம் 6,000 வீதம் 12 மாதம், 72,000" என்று எழுதியிருப்பேன். கூட்டத்தில் அத்தனை பேனாவும் அங்கே வந்து நிற்கும்.

"மேடம், இது ரெக்கரிங் ஆச்சே."

"ஆமா சார், செடிக்குத் தண்ணியும் ரெக்கரிங்தான்."

சிரிப்பார்கள். அதன்பின் எல்லாரும் சொல்லும் அதே யோசனையைச் சொல்வார்கள்: "கம்யூனிட்டி பார்ட்டிசிபேஷன் இருக்கணும்ல? பேரன்ட்ஸ் வாலன்டியர் பண்ணலாமே. அப்பதான் ஓனர்ஷிப் வரும்."

இந்த ஓனர்ஷிப் பேச்சைக் கேட்டால் எனக்கு இப்போதும் காது சூடாகும். கண்ணகி நகர்த் தாய்மார்களில் பலர் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் இருந்தபோது நடந்து போன வீடுகளுக்கு இப்போது 20 கிலோமீட்டர் பஸ். சிலர் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங். ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. அந்தக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் பத்தாவது மாடியில் உட்கார்ந்து, அதே கட்டடத்தின் தரையைத் துடைக்கும் பெண்மணி மாலையில் போய் இலவசமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. தன் அபார்ட்மென்ட்டில் புல்தரைக்குத் தண்ணீர் விடும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்பது அந்த நிமிஷம் அவருக்கு நினைவு வரவில்லை.

ஒரு பள்ளியின் வாசலில் இட்லிக் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் இதை நேரடியாகவே கேட்டார். நாங்கள் நாற்று இறக்கிக்கொண்டிருந்தோம். "மிஸ், போன வருஷம் வேற யாரோ வந்து நட்டாங்க. பேனர்லாம் கட்டினாங்க. மே மாசம் ஸ்கூல மூடிட்டா யாரு ஊத்தறதுன்னு கேட்டேன். நீங்க ஊத்துங்கக்கான்னு சொன்னாங்க. நா இன்னா சும்மாவா குந்திகினு கீறேன்?" அவரைத்தான் பிறகு தோட்டப் பொறுப்பாளராக வைத்தோம். இட்லிக் கடை பத்து மணிக்கு முடியும். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை தோட்டம், மாலை ஒரு மணி நேரம். சம்பளம் என்று வந்ததும் மேஸ்திரி மாதிரி அதிகாரம் வந்துவிட்டது. கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டு போன டீச்சரையே நிறுத்திக் கேட்டார்.

சம்பள வரியை வெட்டுவதற்குச் சட்டத்தையும் காட்டுவார்கள். "அட்மின் அஞ்சு பெர்சன்ட்டுக்கு மேல கூடாது மேடம், ரூல்ஸ்." அப்படி ஒரு விதி இருப்பது நிஜம். 2021-ல் திருத்திய சி.எஸ்.ஆர். விதிகள், நிர்வாகச் செலவு மொத்தச் சமூகச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஆனால் அது அந்தக் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கு ஆகும் செலவு பற்றியது. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறது. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுபவர் அலுவலக நிர்வாகம் இல்லை, அவர்தான் திட்டமே. இந்த விதியை அச்செடுத்து, அந்த வாக்கியத்துக்கு அடியில் மஞ்சள் கோடு போட்டு, ஃபைலில் வைத்துக்கொண்டு திரிகிறேன். காட்டினால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். சிலர், "எங்க பாலிசில அப்படித்தான்" என்பார்கள். பாலிசிக்கு மஞ்சள் கோடு போட முடியாது.

வெளிநாட்டுப் பணம் ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்தது. ஆள் சம்பளம், பயிற்றுநர் சம்பளம் என்று கொடுப்பார்கள். பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, எங்களைப் போலப் பதிவு பெற்ற சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பிரித்துத் தருவது அடியோடு நின்றது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆயிற்று. எல்லாரும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளை ஒன்றில்தான் கணக்கு தொடங்க வேண்டும் என்றும் வந்தது. அது கொரோனா வருடம். வடசென்னையில் நாலு பேராக அமைப்பு நடத்திக்கொண்டிருந்த நண்பர்கள் அந்த வருடம் போர்டைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அவர்கள் வளர்த்த தோட்டங்கள் என்ன ஆயின என்று போய்ப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அரசுப் பணமும் உண்டு, சிறியது. தேசிய பசுமைப் படைக்கு என்று பள்ளிக்கு வருடம் 5,000 ரூபாய். மதிய உணவுத் திட்டத்தின் கீழ் பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் போட 2019-ல் மத்திய கல்வித் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. அதிலும் பள்ளிக்குச் சராசரியாக 5,000. கிராமத்துப் பள்ளிகளில் வேலி கட்டவும் குழி வெட்டவும் நூறு நாள் வேலையோடு சேர்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நகரத்துப் பள்ளிக்கு அந்த வழியும் கிடையாது. 5,000-ஐ நான் குறைத்துப் பேசமாட்டேன். சுறுசுறுப்பான தலைமையாசிரியை கையில் கிடைத்தால் அந்தப் பணத்தில் கீரைப் பாத்தி, முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை எல்லாம் வந்துவிடும். ஆனால் அந்தத் தலைமையாசிரியைக்கு மாறுதல் ஆணை வந்தால் தோட்டத்துக்கும் வந்த மாதிரி.

அடுத்த தலைவலி தலைக்கணக்கு. "எத்தனை பெனிஃபிஷியரி?" என்று ஒரு கட்டம் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். பள்ளியில் 800 பேர் படித்தால் 800 என்று எழுதிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். மூன்று லட்சத்தை 800-ஆல் வகுத்தால் ஆளுக்கு 375 ரூபாய். கம்பெனியின் எக்செல் சந்தோஷப்படும். நிஜத்தில் ஒரு தோட்டத்தில் கை வைத்து வேலை செய்யக்கூடிய பிள்ளைகள் முப்பது பேர். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள், மீதிப் பேர் தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சிக்கொள்வார்கள். முப்பது என்று எழுதினால் ஆளுக்குப் பத்தாயிரம். கேட்பு முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். எனவே "நேரடிப் பயனாளிகள் 30, மறைமுகப் பயனாளிகள் 800" என்று எழுதுவோம். மறைமுகம் என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. சத்துணவில் கீரை சாப்பிடுகிறார்கள் அல்லவா, அதுதான்.

அந்தக் கீரையிலும் ஒரு கதை இருக்கிறது. முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும் என்பதால் எங்கள் அறிக்கைகளின் உயிர்நாடியே அதுதான். மூன்று மாதத் திட்டத்தில் மூன்று அறுவடை காட்டலாம். ஒரு பள்ளியில் பிள்ளைகள் முதல் அறுவடையை எடைபோட்டு, வாழைநாரில் கட்டி, ஊர்வலமாகச் சத்துணவுக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அமைப்பாளர் வாங்கிக்கொண்டார், ஆனால் ரசீதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "என் ரெஜிஸ்டர்ல வெளியிலேர்ந்து வந்த கீரைன்னு காலமே இல்லையே மிஸ். நாளைக்கு ஆடிட்ல, காய்கறிக்குக் குடுத்த காசு என்னாச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" நியாயமான பேச்சு. எங்களுக்கோ அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அறிக்கையில் "விளைச்சல் பயன்பாடு" என்ற கட்டம் காலி. கடைசியில் தலைமையாசிரியை ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, "தோட்டக் கீரைப் பதிவேடு" என்று அட்டையில் எழுதி, தானே கையெழுத்துப் போட்டார். இன்று வரை நாங்கள் அதே மாதிரி நோட்டைத்தான் எல்லாப் பள்ளியிலும் வைக்கிறோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதில் கிலோ, கிராமோடு "ஒரு கட்டு ஆயா வூட்டுக்கு எத்துனு போனாங்க" என்றும் எழுதி வைத்திருந்தாள். அழிக்கச் சொல்லவில்லை.

திறப்பு விழா நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா விழாவும் ஒன்றுதான். ஒரே நிறத்து டி-ஷர்ட் போட்ட முப்பது நாற்பது ஊழியர்கள் பஸ்ஸில் வருவார்கள். ஆளுக்கொரு நாற்று. நட்ட நாற்றைப் பிள்ளை பிடித்திருக்க, பிள்ளையின் தோளை ஊழியர் பிடித்திருக்க, ஜியோ டேக் விழும்படி படம். சாயங்காலம் அக்கா போய், ஆழமாகப் புதைத்ததைத் தூக்கி, பையோடு நட்டதைக் கிழித்து எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி நடுவார். அந்த அரைநாள் கூலியையும் நான் பட்ஜெட்டில் எங்காவது ஒளித்து வைத்திருப்பேன்.

இந்தப் பகுதிகளில் தோட்டம் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துத்தான் பணம் வரும். எனக்கோ பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள்தான் முக்கியம் என்று பட்டது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டவர்கள், நிற்கப்போகிறவர்கள். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குவார்கள். இரவு ரோந்து ஜீப் நிறுத்தி விசாரிக்கும். அவர்களைக் கீரை விதைக்கக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். குழாய் வேலைக்குக் கூப்பிட்டால் வருவார்கள். தொட்டியை ஆறடி உயரத்தில் ஏற்றி, மோட்டார் இல்லாமல் அழுத்தம் வருகிறதா பார்த்து, பதினாறு மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு நாலு லிட்டர் சொட்டும் டிரிப்பரை வரிசையாகக் குத்திக்கொண்டு போவது அவர்களுக்குப் பிடித்த வேலை. ஒருவன் டிரிப்பர் வாங்கக் காத்திருக்காமல் ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குழாயில் ஓட்டை போட்டு, ஓட்டைக்குக் குளுக்கோஸ் பாட்டிலின் ரெகுலேட்டரை மாட்டினான். ஆரம்ப சுகாதார நிலையத்துக் குப்பையிலிருந்து எடுத்ததா என்று பதறி விசாரித்தேன். மெடிக்கலில் புதிதாக வாங்கியதாம், பில்லும் வைத்திருந்தான். "யூ.சி.க்கு வேணும்னு சொல்வீங்கல்ல மிஸ்." பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற ஒன்று இருப்பதை அவன் எங்களோடு திரிந்து தெரிந்துகொண்டிருந்தான்.

அந்தக் குழாய் அமைப்பு வந்தபின் மே மாதக் கேள்வி பாதி தீர்ந்தது. பாதிதான். சொட்டுநீர் வைத்தால் ஆள் வேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் உடனே நம்பத் தயாராக இருப்பார்கள். உப்புத் தண்ணீரில் டிரிப்பர் வாய் பத்து நாளில் அடைத்துக்கொள்ளும். தொட்டியை நிரப்பத் தண்ணி லாரி வரும் நேரத்தில் யாராவது அங்கே நிற்க வேண்டும். 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டு குடத்துக்கே வரிசை நின்றபோது, செடிக்குத் தண்ணீர் என்று பேச வாய் வரவில்லை. அந்த வருடம் பொன்னாங்கண்ணியும் முருங்கையும் மட்டும் பிழைத்தன. பிள்ளைகளின் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடங்களில் கொண்டுவந்து ஊற்றியவர் அதே இட்லிக் கடை அக்காதான். சம்பளத்தோடு சேர்த்து ஒரு குடத்துக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசி வாங்கிக்கொண்டார். நல்லவேளையாக அப்போது எங்களிடம் ஒரு தனியார் நன்கொடையாளர் இருந்தார், பில் கேட்காதவர்.

கம்பெனிக் கூட்டங்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவகக்காரர் 1995-ல் ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கிய தோட்டம். தார் போட்ட தரையை உடைத்து ஒரு ஏக்கரில் உருவாக்கியது. "இது மாதிரி வேணும் மேடம்" என்று காட்டுவார்கள். தாராளமாகச் செய்யலாம். அங்கே தோட்டத்துக்கென்றே சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தோட்டம் பாடவேளையிலேயே சேர்ந்திருக்கிறது. அந்தச் சம்பளப் பட்டியல் படத்தில் விழாது. நான் அதைச் சொன்ன கூட்டத்தில் ஒருவர், "அது அமெரிக்கா" என்றார். செடியை மட்டும் அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ளலாமாம்.

சில வருடங்களாக நான் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். மார்ச்சில் வரும் பணத்துக்கு உயிரில்லாத பொருளை மட்டும் வாங்குவது. தொட்டி, குழாய், இரும்புத் தாங்கி, நிழல் வலை, மண்வெட்டி, அலமாரி. பணம் மார்ச்சுக்குள் செலவாகும், பில் கிடைக்கும், படம் கிடைக்கும், வெயிலில் எதுவும் சாகாது. தொட்டி, தாங்கி மாதிரிப் பொருள்கள் கம்பெனியின் சொத்தாக இருக்கக் கூடாது என்று 2021 விதிகள் சொல்வதால், பள்ளிக்கு ஒப்படைப்புக் கடிதம் அன்றே எழுதி வாங்கிவிடுவோம். விதையும் ஆள் சம்பளமும் ஜூனிலிருந்து. ஆடி பிறப்பதற்குள் பைகள் தயாராகிவிடும். ஆனி கடைசியில் பந்தல் போட்டால் புடலையும் பீர்க்கனும் புரட்டாசியில் தொங்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் கவலை இருக்காது. பைக்கு அடியில் ஓட்டை சரியாக இருக்கிறதா என்பதுதான் கவலை.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதைத்தான் பலருக்கும் விளங்கவைக்க வேண்டியிருக்கிறது. தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டு வரை நீளும் 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு அங்கீகரித்துவிட்டால், மார்ச் 31-க்குள் செலவாகாத தொகையை முப்பது நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அதிலிருந்து மூன்று நிதியாண்டு வரை செலவழிக்கலாம். அரசு நிதிக்கு ஓட வேண்டியதில்லை. கணக்குப் பிரிவுக்கு இது பிடிக்காது. புதுக் கணக்கு திறக்க வேண்டும், குழுவின் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொரு வருடமும் அறிக்கையில் தனிப் பட்டியல் காட்ட வேண்டும். எங்கள் மூன்று லட்சத்துக்காக யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? எனவே தனித்தனித் தோட்டமாகக் கேட்பதை விட்டு, அக்கம்பக்கத்துப் பள்ளிகளை ஒரே கேட்பில் சேர்த்து, தொகையைப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். தொகை பெரிதானால் அவர்களுக்கே மார்ச்சுக்குள் முடிக்க முடியாது என்று தெரிந்துவிடும். தொடர் திட்டம் தானாகப் பேச்சுக்கு வரும். சின்னதாகக் கேட்டால் மறுப்பவர்கள் பெரிதாகக் கேட்டால் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் கசப்பான பாடம்.

பொறுப்பாளர் சம்பளத்துக்கும் ஒரு வேஷம் போட்டிருக்கிறேன். "தோட்டக்காரர்" என்று எழுதினால் ரெக்கரிங். "வாழ்வியல் திறன் பயிற்றுநர் (களம்)" என்று எழுதினால் பயிற்சித் தலைப்பில் போகும், கைதட்டல்கூடக் கிடைக்கும். இதில் எனக்குக் கூச்சம் இல்லை. விதை நேர்த்தி, நாற்று எடுப்பது, மாவுப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பது எல்லாம் அக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், பயிற்றுநர்தான். அந்தப் பெயரில் அடையாள அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டோம். பேருந்தில் கண்டக்டர் கேட்டபோது, "கார்டன் டீச்சர்" என்றாராம்.

இந்த மார்ச்சில் ஒரு நிறுவனத்தோடு மூன்று பள்ளிக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. மார்ச்சில் தொட்டியும் குழாயும்; ஜூன் முதல் மூன்று பொறுப்பாளர்களுக்குச் சம்பளம், மே மாதம் உட்பட மூன்று வருடத்துக்கு. மே மாதத்தைத் தனி வரியாகவே எழுதச் சொன்னேன், இரண்டாம் வருடம் யாராவது "ஸ்கூல் லீவுதானே" என்று அடித்துவிடக் கூடாது என்பதற்காக. சட்டப் பிரிவு, கணக்குப் பிரிவு, சி.எஸ்.ஆர். பிரிவு எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டன. பெயர்ப்பலகை விவகாரம் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் எட்டுக்கு நாலு அடி கேட்கிறார்கள். அந்த இடத்தில் மத்தியானம் வரை வெயில் விழும், நான் வெண்டைக்கு வைத்திருக்கிறேன். மூன்றுக்கு இரண்டு அடி, அதுவும் வடக்குச் சுவரில் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.